பொட்டு வைத்த சங்கிலி வண்டி

லாரி இன்னும் ஒரு சாண் கீழே போயிருந்தது! விடிந்ததும் மாசிலாமணி முதலில் பார்த்தது அதைத்தான். முந்திய நாள் அச்சு வரைக்கும்தான் புதைந்திருந்தது. இப்போது பின்சக்கரங்களையே காணோம்.

மேலே பார்த்தால் பாளம் பாளமாக வெடித்த வெள்ளைத் தரை. ஆள் நடந்தால் தாங்கும். லாரி ஏறினால் அடியில் உப்புச் சேறு வாயைத் திறந்துகொள்ளும். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. ஓட்டி வந்தவன் மாசிலாமணி. அதை யாரும் அவனிடம் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் அவனுக்கு இன்னும் சுட்டது. சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துப் பார்த்தார்கள். கூடாரத் துணியைச் சுருட்டித் திணித்துப் பார்த்தார்கள். கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, கோடைக்காலம், வட ஆப்பிரிக்கப் பாலைவனம். பிரிட்டிஷ் படை கிழக்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி இருந்த மதராஸ் சாப்பர்கள் என்றால் பட்டாளத்தில் எல்லாருக்கும் தெரியும். முன்னேறும்போது முதலில் போய்க் கண்ணிவெடி எடுக்கிறவர்கள். பின்வாங்கும்போது கடைசியாக நின்று, எதிரிக்குப் பயன்படுவதை எல்லாம் உடைத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு என்ன மிஞ்சும்? இவர்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு லாரி, அதில் காயம்பட்ட ஐந்து பேர், இரண்டு நாளைக்குக் காணாத தண்ணீர்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் ஏகாம்பரம். மாசிலாமணியின் அக்கா கன்னியம்மாவின் புருஷன். குண்டுச் சிதறல் இடது முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கட்டுத் துணியிலிருந்து ஒரு வாடை வரத் தொடங்கியிருந்தது. அந்த வாடைக்கு அர்த்தம் என்ன என்று பட்டாளத்தில் இரண்டு வருடம் இருந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காட்பாடி ஸ்டேஷனில் அக்கா அழவில்லை. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்து, "ரெண்டு பேரும் போறீங்க. ரெண்டு பேரும் வரணும். ஒருத்தன் மட்டும் வர்றதா இருந்தா என் வீட்டுப் படியேறாத" என்று தம்பியிடம் சொன்னாள். உப்புத் தரையில் நின்றுகொண்டு மாசிலாமணி அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அக்கா, நான்தான் ஓட்டினேன், நான்தான் இறக்கினேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"இதை இழுக்க மனுஷனால ஆகாது" என்றார் ஹவில்தார் சவரிராயன். லால்குடிக்காரர், பெரிய மீசை, சிறிய குரல். "ஜெர்மன்காரனோட சங்கிலி வண்டி ஒண்ணு இருந்தா இழுத்துப்புடும்."

முன்னால் லாரியைப் போல இரண்டு சக்கரம், பின்னால் டாங்கியைப் போல இரும்புச் சங்கிலிப் பட்டை, சுற்றிலும் கவசத் தகடு. அதுதான் சங்கிலி வண்டி. லாரி திணறுகிற மணலில் அது பாட்டுக்குப் போகும். ஆனால் இந்தப் பாலைவனத்தில் அது குதிரைக்கொம்பு. ஜெர்மன்காரனுக்கே அது குதிரைக்கொம்புதான்! செய்கிற வண்டிகள் எல்லாம் ருஷ்யப் பக்கம் போய்விட, இங்கே கப்பலில் வந்து சேர்ந்தவை கொஞ்சம். வழியில் கடலுக்குள் போனவை போக மீதி இன்னும் கொஞ்சம். அவனுடைய காலாட்படை பெரும்பாலும் சாதாரண லாரியில்தான் வந்தது. அதிலும் பாதி நம்மிடம் பிடித்த லாரி. ஒரு சங்கிலி வண்டி பழுதாகி நின்றால் அதன் எலும்புக்கூட்டைக்கூட விடாமல் வந்து இழுத்துக்கொண்டு போவான் என்று பேச்சு.

அந்தக் குதிரைக்கொம்பில் இரண்டு, பத்துப் பன்னிரண்டு மைல் தெற்கே நின்றன. சாப்பர்கள் 'கழுதை முதுகு' என்று பெயர் வைத்திருந்த கல்மேட்டுக்கு அடியில், போன மாதச் சண்டையில் ஜெர்மன்காரன் போட்டுவிட்டு ஓடியவை.

"இருந்து என்ன சாப்?" என்றான் பக்கிரி முகம்மது. நாகூர்க்காரன், எமன் வந்து நின்றாலும் ஒரு கேலி பேசிவிட்டுத்தான் கூடப் போவான். "ரெண்டையும் உடைச்சது நாமதான. நல்லா உடைச்சிருக்கோம்னு நீங்கதான் முதுகுல தட்டிக் கொடுத்தீங்க."

சாப்பர்களுக்கு ஒரு விதி உண்டு. வண்டிகளை விட்டுவிட்டு வரும்போது வெடி வைக்க நேரமில்லை என்றால் சம்மட்டி போதும். ஆனால் எல்லா வண்டியிலும் ஒரே பாகத்தைத்தான் உடைக்க வேண்டும். ஒன்றில் ஒரு பாகம், இன்னொன்றில் வேறொரு பாகம் என்று உடைத்தால், இதில் இருப்பதைக் கழற்றி அதில் மாட்டி எதிரி ஒரு வண்டியைத் தேற்றிவிடுவான். அன்றைக்குச் சவரிராயன் காட்டிய பாகம் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற, தேங்காய் அளவுப் பித்தளைச் சாமான். ஒரு வண்டிக்கு மாசிலாமணி, இன்னொன்றுக்கு ஏகாம்பரம். மாசிலாமணி மூன்றே அடியில் நொறுக்கினான். கை சுத்தம் என்று பாராட்டு வேறு. இப்போது தன் வினை தன்னையே சுட்டது.

லாரிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. மாசிலாமணி ஏறிப் போய்ப் பார்த்தான். ஏகாம்பரம் கண்ணைத் திறந்திருந்தான்.

"மச்சான்... என்னுது உடையல."

ஜுரத்தில் பிதற்றுகிறான் என்றுதான் மாசிலாமணி நினைத்தான். ஆனால் ஏகாம்பரம் விட்டுவிட்டுச் சொன்னது முழுவதும் பொருந்தி வந்தது. எந்த எஞ்சினில் கை வைத்தாலும் முதலில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பான் அவன். ஆயுத பூஜை இவனுக்கு மட்டும் தினமும் வரும் என்று பக்கிரி கிண்டல் செய்வான். குங்குமம் தீர்ந்த பிறகு, கண்ணிவெடித் தரைக்கு அடையாளம் போடுகிற சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்தான், பொட்டை வைத்தான், அதற்குப் பிறகுதான் கையில் இருப்பது ஸ்பேனர் இல்லை, சம்மட்டி என்று உறைத்தது. பொட்டு வைத்த எஞ்சினை எப்படி அடிப்பது? கை வரவில்லை. கார்புரேட்டரைக் கழற்றித் தலைப்பாகைத் துணியில் சுற்றி, வண்டியின் இடது முன்சக்கரத்தை ஒட்டிப் புதைத்துவிட்டு, உடைத்தாயிற்று என்று சொல்லிவிட்டான்.

"உடைச்சதை ஒட்ட முடியாது மச்சான். கழட்டினதை மாட்டிக்கலாம்" என்றான் ஏகாம்பரம். எப்போதும் சொல்கிறதுதான். சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

வேறு சமயமாக இருந்தால் சவரிராயன் அவனுடைய தோலை உரித்திருப்பார். இப்போது மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள, கூட வந்த மருத்துவ ஆர்டர்லியை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு டின் பெட்ரோல் தூக்கச் சொன்னார். மூவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

நடையா அது! வெயில் ஏற ஏற மணல் பூட்சுக்குள் இறங்கிக் காலைப் பொசுக்கியது. டின் தோள்பட்டையை அறுத்தது. ஒரு விமானம் தலைக்கு மேலே போனது, படுத்துக்கொண்டார்கள், நம்முடையதா அவனுடையதா என்றுகூடத் தெரியவில்லை. யாருடையதாக இருந்தாலும் கையசைத்துக் கூப்பிட வழியில்லை. மாசிலாமணிக்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வெள்ளைத் தரையில் லாரி ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மறைந்தது.

உச்சி வெயிலில் கழுதை முதுகு தெரிந்தது. அதன் அடியில் வண்டியும் தெரிந்தது. ஒரே ஒரு வண்டி!

மாசிலாமணி டின்னைப் போட்டுவிட்டு ஓடினான். மூடியைத் திறந்தான். உள்ளே நொறுங்கிய பித்தளை. அவனே அடித்த அடி, மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பொட்டு வைத்த வண்டியை ஜெர்மன்காரன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். இழுத்துப் போன தடத்தைக்கூடக் காற்று துடைத்துவிட்டிருந்தது.

"இன்னொண்ணையும் எடுக்க வருவான்" என்றார் சவரிராயன். "நாளைக்கோ, இப்பவோ."

மாசிலாமணி வண்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டான். போன வண்டியின் முன்சக்கரத்தை ஒட்டிப் புதைத்தது என்றால், வண்டியே இல்லாதபோது சக்கரம் எங்கே நின்றது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மணல், மணல், மணல். எல்லாம் ஒரே மாதிரி கிடந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன என்பது மட்டும் நினைவிருந்தது. வலது பக்கமா, இடது பக்கமா என்பதில் அவனுக்கும் பக்கிரிக்கும் சண்டையே வந்துவிட்டது.

சவரிராயன் சண்டையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பிலிருந்து பயனெட்டை உருவிக் குப்புறப் படுத்தார். சாப்பர்களுக்குப் பாலைவனத்தில் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதானே! கண்ணிவெடி தேடுகிற மாதிரி, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மணலுக்குள் மெதுவாக விட்டு, தட்டுகிறதா என்று பார்த்து, எடுத்து, அடுத்து ஒரு சாண் தள்ளி விட வேண்டும். மூவரும் வரிசையாகப் படுத்து ஊர்ந்தார்கள். வண்டியை இழுத்துப் போனவன் நிஜமாகவே கண்ணிவெடி எதையாவது புதைத்து வைத்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கல். கல். மறுபடியும் கல். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இங்கே நான் மணலைக் குத்திக்கொண்டிருக்கிறேன், அங்கே மாமாவின் காலில் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது மாசிலாமணிக்குக் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அப்போது கத்தி முனையில் ஏதோ மெத்தென்று இடறியது. கல் இல்லை. துணி!

பக்கிரி கையாலேயே தோண்டினான். சுற்றிய துணியைப் பிரித்தால், உள்ளே மணல் ஒரு துளிகூட ஏறாத கார்புரேட்டர் பளபளத்தது. அதன் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு. "இந்த மனுஷனை நான் இனிமே கிண்டலே பண்ணமாட்டேன் சாப்" என்றான் பக்கிரி.

நொறுங்கியதைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டினார்கள். கசியாமல் இருக்க இடையில் கொடுக்கிற அட்டை கிழிந்திருந்தது. பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி எண்ணெயில் நனைத்து வைத்தார்கள். பாட்டரியை ஜெர்மன்காரன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால்தான் சுற்ற வேண்டும். பக்கிரி சுற்றினான். எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. சவரிராயன் சுற்றினார். இருமல்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து மேற்கே தூசு கிளம்பியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை! ஒரு பெரிய லாரி, பின்னால் இழுவைக் கொக்கி, மேலே நான்கைந்து ஆள், ஒரு இயந்திரத் துப்பாக்கி. மிச்சமிருந்த வண்டியை எடுக்க வந்துவிட்டார்கள்.

ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை. மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு ரைபிள். மாசிலாமணி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, தலைகீழாகச் சாய்ந்திருந்த அந்த விசித்திரமான ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். செய்வதற்கு அவனுக்கு ஒன்றுமே இல்லை. அவர்கள் சுற்ற வேண்டும், எஞ்சின் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் முகம் வந்தது. சட்டென்று விரலில் ஒட்டியிருந்த எண்ணெய் அழுக்கைத் தொட்டு, எதிரே இருந்த தகட்டில் ஒரு பொட்டு வைத்தான். பக்கிரியும் ஹவில்தாரும் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினார்கள். எஞ்சின் இருமியது, இருமியது, பிறகு பெரிதாக உறுமிப் பிடித்துக்கொண்டது!

இருவரும் பின்னால் தாவி ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஜெர்மன் லாரி கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டது. முதலில் அவர்கள் கையசைத்தார்கள், தங்கள் ஆள்தான் என்று நினைத்து. மறு நிமிஷம் பக்கிரியின் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். இயந்திரத் துப்பாக்கி திரும்பியது. பார்வைத் துவாரம் வழியாக மாசிலாமணி அதைப் பார்த்தான். சுடப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

சுடவில்லை. அவர்களில் மூத்தவனாகத் தெரிந்த ஒருவன் துப்பாக்கிக் குழாயைக் கையால் தட்டிக் கீழே இறக்கினான்.

"இருக்கற வண்டியே நாலோ அஞ்சோ" என்றார் சவரிராயன், பின்னாலிருந்து. "இதுல ஓட்டை போட அவனுக்கும் மனசு வரல பாரு."

துரத்திப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான் ஜெர்மன்காரன். மாசிலாமணி வேண்டுமென்றே மெத்து மணல் இருக்கிற பக்கமாகத் திருப்பினான். சங்கிலிப் பட்டை மணலைக் கவ்வி ஏறிப் போனது. பின்னால் வந்த லாரி நடு மணலில் உட்கார்ந்துகொண்டு உறுமிக்கொண்டே இருந்தது. அதன் டிரைவர் மேல் மாசிலாமணிக்கு ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. அந்த உட்காருதல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியுமே.

உப்புத் தரைக்கு அவர்கள் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆர்டர்லி ரைபிளைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஜெர்மன்காரன் வந்துவிட்டான் என்றே நினைத்துவிட்டான், பாவம். காயம்பட்டவர்களை இறக்கி, கெட்டித் தரையில் சங்கிலி வண்டியை நிறுத்தி, இரும்பு வடத்தை நீளமாகக் கட்டி இழுத்தார்கள். முதல் இழுப்பில் வடம் விறைத்தது, லாரி அசையவில்லை. அடுத்த இழுப்பில் சேறு சத்தம் போட்டுக்கொண்டு தன் பிடியை விட்டது. லாரி ஆடி ஆடி வெளியே வந்தது!

ஆனால் வேறொரு இடி இருந்தது. சங்கிலி வண்டி பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. மறுநாள் காலை நம் படையின் எல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே, இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் போதாது என்று தெரிந்துவிட்டது. இனி கெட்டியான பாதைதான், லாரி போதும். இருந்த பெட்ரோலை லாரிக்கு மாற்றினார்கள். பிறகு சவரிராயன் சம்மட்டியை எடுத்து மாசிலாமணியிடம் நீட்டினார். விதி விதிதான்.

மாசிலாமணி மூடியைத் திறந்தான். சம்மட்டியைத் தரையில் வைத்தான். ஸ்பேனரை எடுத்தான். ஹவில்தார் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதே பாகந்தானே?" என்றார்.

"அதே பாகந்தான் சாப்."

"கையோட எடுத்துக்க. புதைச்சுக் கிதைச்சு வைக்காத" என்று சொல்லிவிட்டு அவர் லாரியில் போய் ஏறிக்கொண்டார்.

எல்லைக் காவலில் நின்றவர்கள் அவர்களைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான் என்று எழுதி முடித்திருந்தார்களாம். டீ வந்தது, சிகரெட் வந்தது, கை கொடுக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரியே வந்தார். பக்கிரி கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் கதையில் ஜெர்மன்காரன் ஒரு பட்டாளமாகப் பெருகிக்கொண்டிருந்தான். மாசிலாமணி எதையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். ஐந்து பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் சொன்னார். ஏகாம்பரத்தின் காலைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள். உப்புச் சேற்றில் போன அந்த ஒரே நாள்.

அவனை உள்ளே விட்டபோது ஏகாம்பரம் விழித்திருந்தான். முகத்தில் ஜுரம் இல்லை. போர்த்தியிருந்த போர்வை ஒரு பக்கம் மேடாகவும், இடது பக்கம் பாதிக்குக் கீழே தட்டையாகவும் இருந்தது. எங்கே பார்ப்பது என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. சட்டைக்குள்ளிருந்து துணி மூட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தான்.

"கழட்டித்தான் எடுத்தேன் மாமா. அடிக்கல."

ஏகாம்பரம் பிரித்துப் பார்த்தான். பித்தளையைக் கட்டை விரலால் தடவினான். பொட்டு பாதி அழிந்திருந்தது. நல்ல வேலை செய்தாய் என்று தலையாட்டினான். பிறகு போர்வையின் தட்டையான பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கழட்டினதை மாட்டிக்கலாம்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே மச்சான். எல்லாத்தையும் மாட்ட முடியாது போல இருக்குது."

மாசிலாமணி அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான்தான் மாமா ஓட்டினேன், நான்தான் சேற்றில் இறக்கினேன் என்று சொல்லிச் சொல்லிக் குலுங்கி அழுதான். ஏகாம்பரம் அவனை அழவிட்டான். பிறகு அவன் தலையில் கையை வைத்தான்.

"உங்க அக்கா என்ன சொன்னா? ரெண்டு பேரும் வரணும்னுதான சொன்னா? எத்தினி காலோடன்னு சொல்லலியே."

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பித்தளைச் சாமானை மறுபடியும் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு, மாமாவுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.